ஓடும் வாரும் உழைக்கும் கையும்

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒற்றைப் பலகையின்மேல் அடிவைத்து நடந்த காலம் ஒன்றிருந்தது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் தொங்கான்களிலிருந்து அரிசி மூட்டைகள் கிடங்குகளுக்குச் சென்றது அவ்வாறே. 1983-ஆம் ஆண்டில் அப்படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் பகுதிக்குச் சென்றன. அன்று தோள் சுமந்த சுமையை இன்று பல இடங்களில் இயந்திரம் சுமக்கின்றது. அத்தகைய இயந்திரங்களுள் ஒன்று, சக்கரம் பூட்டி வேண்டிய இடத்திற்கு உருட்டிச் செல்லக்கூடிய வார்ப்பட்டைக் கடத்தி. கட்டட வேலைத்தளம், கல்லுடைக்கும் இடம், நெல் ஆலை, உரக் கிடங்கு, லோரியில் சரக்கேற்றும் முற்றம் ஆகிய இடங்களில் இதனைக் காணலாம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். தொழிலாளர் வழக்கில் இது வெறும் 'பெல்ட்டு'தான். 'பெல்ட்டைப் போடு', 'பெல்ட்டை நிறுத்து' என்பர். 'கடத்தல்' என்னும் சொல் செய்தித்தாள்களில் வேறு பொருளில் அடிபடுவதால், 'கடத்தி' என்ற பெயரைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனினும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செலுத்துதல் என்பது அச்சொல்லின் நேர்பொருளே. மின்கடத்தி என்று நாம் எழுதவில்லையா? எனவே, இக்கட்டுரையில் சுருக்கம் கருதிப் பட்டையை 'வார்' என்றும், இயந்திரத்தைக் 'கடத்தி' என்றும் குறிப்போம்.

தோளின் பாரத்தை இறக்கிவைத்த இவ்வியந்திரத்திற்குக் கையைக் கவ்விக்கொள்ளும் இயல்பும் உண்டு. அது கையைக் கவ்வுவது பெரும்பாலும் சுமையேற்றும்போது அன்று, துடைக்கும்போதும் திருத்தும்போதுமே. இஃது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், அதனைத் தடுக்கும் வழியும் தானே விளங்கும்.

பிறப்பும் நம் தொடர்பும்

வார் கொண்டு பொருளை நகர்த்தும் முறை மிகப் பழையதே. ஆயினும் கனமான கல்லையும் தாதுவையும் தாங்கவல்ல வாரை உருவாக்கிப் புகழ்பெற்றவர் அமெரிக்கரான தாமஸ் ராபின்ஸ். 1890-களின் தொடக்கத்தில், எடிசன் நடத்திய இரும்புத்தாது ஆலையில் துணிவார்கள் விரைவில் தேய்ந்து போவதைக் கண்டு, மேற்புறத்தில் தடித்த ரப்பர் போர்த்திய வாரை அவர் அமைத்தார். 1900-ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் அவருடைய கடத்தி பரிசு பெற்றது.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகமும் வெப்பமும் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். 1877-இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர்த் தாவரப் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி, மரம் சாகாமல் பால்வெட்டும் முறையை வகுத்தார். மலாயாவின் காடு திருத்தி, அதிகாலையில் எழுந்து பால்வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர். உலகின் வார்கள் பலவற்றிற்கும் மேற்போர்வையான ரப்பரை நல்கிய கைகளுள் தமிழ்க் கைகளும் இருந்தன. அதே இனத்தின் கை இன்று வேலைத்தளத்தில் அந்த வாருக்குப் பக்கத்தில் நிற்கின்றது.

சிங்கப்பூரின் நில வரலாற்றிலும் கடத்திக்கு இடமுண்டு. 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணியில், பெடோக், சிக்லாப் பகுதிகளின் மேடுகளை வெட்டியெடுத்த மண் வார்களின்மேல் கடற்கரையை நோக்கிச் சென்றது. அவை நீண்ட, நிலையான கடத்திகள். நாம் பேசப்போவது அவற்றின் தம்பியைப் பற்றி. தம்பி சிறியவன், ஆனால் அண்ணனைவிட ஆபத்தில் குறைந்தவன் அல்லன். நாள்தோறும் இடம் மாறுவதால் அவனுக்கென்று சில தனி இடர்களும் உண்டு.

உறுப்புகள்

நகரும் கடத்தியின் உடல், பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டம். அதன் மேல்நுனியில் உள்ள பெரிய உருளை தலையுருளை. கீழ்நுனியில் உள்ளது வாலுருளை. வழக்கமாக மோட்டார் தலையுருளையைச் சுழற்றும். முனையற்ற வளையமாக இணைக்கப்பட்ட வார், இவ்விரண்டையும் சுற்றி ஓடும். மேலே செல்லும் பகுதியைத் தாங்குவன தாங்குருளைகள். மூன்று மூன்றாகச் சாய்த்துப் பொருத்தினால் வார் ஓடைபோல் குழிந்து, மணலும் கல்லும் சிந்தாமல் செல்லும். வெறுமையாகத் திரும்பும் கீழ்ப்பகுதியைத் தாங்குவன திரும்புருளைகள்.

வாலுருளைக்கு மேலே பொருளைப் பெய்யும் தொட்டி இருக்கும். அதன் இருபுறமும் சிந்தாமல் காக்கும் பக்கத்தடுப்புகள் உண்டு. தலையுருளைக்குக் கீழே, வாரில் ஒட்டியதை வழித்தெடுக்கும் சுரண்டி உண்டு. வாலுருளையின் இருபுறத்திலும் உள்ள இழுப்புத் திருகுகள் வாரை இறுக்கவும் தளர்த்தவும் பயன்படும். சட்டத்தை உயர்த்தித் தாழ்த்துவதற்குக் கம்பிவடம் சுற்றும் கைச்சக்கரமோ, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தண்டோ இருக்கும்.

வார் கடிக்கும் இடம்

இப்பொழுது ஒரு கேள்வி. ஓடும் வாரின்மேல் கையை வைத்தால் என்ன ஆகும்? தோல் சிராயலாம்; கை சற்றுத் தூரம் இழுபடலாம். உடனே எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால், வார் உருளையை வந்து தொடுமிடத்தில் கையை வைத்தால் நிலை வேறு. அங்கே இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று நோக்கி வந்து சேர்கின்றன. அவற்றிற்கு இடையே சிக்கியது எதுவானாலும் உள்ளே இழுக்கப்படும். கரும்பு ஆலையின் உருளைகளுக்கு நடுவே கரும்பு செல்வதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்விடத்தைக் 'கவ்வுவாய்' எனலாம்.

கவ்வுவாய் எங்கே இருக்கிறது என்பதை ஓட்டத்தின் திசையே முடிவு செய்கிறது. மேல்வார் தலையுருளையை நோக்கிச் செல்வதால், தலையுருளையின் மேற்பக்கத்தில், வாரின் உட்புறம் உருளையைத் தொடத் தொடங்கும் இடம் ஒரு கவ்வுவாய். கீழ்வார் வாலுருளையை நோக்கித் திரும்புவதால், வாலுருளையின் கீழ்ப்பக்கம் மற்றொரு கவ்வுவாய். பெய்தொட்டியின் கீழே, பக்கத்தடுப்புகள் வாரை அழுத்தி நிற்கும் இடத்தில் உள்ள தாங்குருளைகளிலும் கை சிக்கக்கூடும். மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் சங்கிலி, பற்சக்கரம் ஆகியவை தனிக் கவ்வுவாய்கள். இவற்றை எல்லாம் மூடிநிற்கும் கம்பிவலையும் தகட்டுறையும் அலங்காரம் அல்ல. அவையே தொழிலாளியின் கைக்கு அரண்.

கையின் கணக்கு

'சிக்கினால் இழுத்துக்கொள்வேன், நான் விரைந்து செயல்படுபவன்' என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. சிறிய கடத்திகளின் வார் வழக்கமாக வினாடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில் ஓடும். நடுவாக 1.5 மீட்டர் என்று கொள்வோம். எதிர்பாராத ஒன்று நேர்ந்தபின் மனிதன் அதனை உணர்ந்து செயல்படத் தொடங்க ஏறத்தாழக் கால் வினாடி ஆகும். அந்தக் கால் வினாடியில் வார் 37 செண்டிமீட்டர் ஓடிவிடும். அஃதாவது, 'ஐயோ' என்று எண்ணுவதற்குள் விரல்நுனியில் தொடங்கி முழங்கையை நெருங்கிவிடும். அரை வினாடியில் 75 செண்டிமீட்டர். ஒரு கையின் முழு நீளமே அவ்வளவுதான்.

இனி வலிமையின் கணக்கு. 2 கிலோவாட் மோட்டார் ஒன்று வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் வாரை இழுக்கிறது என்க. இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் இழுவிசை ஏறத்தாழ 1,330 நியூட்டன். 130 கிலோவிற்கும் மேற்பட்ட எடையைத் தூக்கும் விசை அது. தடைபடும்போது மோட்டார் தன் வழக்கமான விசையைவிடவும் மிகுதியாக இழுக்கும். எந்தப் பயில்வானும் அதனோடு கயிறிழுப்புப் போட்டியில் வெல்ல முடியாது. ஆகவே சிக்கியபின் மீள்வது என்பது திறமையைச் சார்ந்தது அன்று. சிக்காமல் இருப்பது ஒன்றே வழி.

அழுக்கு சேரும் இடமும் அதுவே

ஓடும் உருளைக்குள் ஒருவர் ஏன் கையை விடுகிறார்? அறியாமையால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. இயந்திரமே அவரை அழைக்கின்றது.

வாரிலிருந்து சிந்தும் மணலும் கல்லும் திரும்பிவரும் கீழ்வாரின் உட்புறத்தில் விழும். கீழ்வார் அவற்றைச் சுமந்துகொண்டு நேரே வாலுருளைக்குச் செல்லும். அங்கே அவை உருளைக்கும் வாருக்கும் நடுவில் அகப்பட்டு ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரமண் படிந்து உருளை பருத்துவிடும். உருளை ஒரு பக்கம் பருத்தால் வார் நேர்வழியினின்று விலகி, சட்டத்தில் உராய்ந்து கிழியத் தொடங்கும். அதைக் காணும் தொழிலாளி என்ன செய்வார்? ஒரு கம்பியையோ மண்வெட்டியையோ எடுத்து உருளையைச் சுரண்ட முற்படுவார். 'ஓடும்போது சுரண்டினால் சுற்றிலும் ஒரே சீராக உதிரும். நிறுத்தினால் வேலை கெடும்' என்பது அவர் எண்ணம். கம்பியை வார் கவ்வும். கம்பியைப் பற்றிய கையையும் உடன் இழுக்கும்.

இங்கே நாம் கண்டுகொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அழுக்கு சேரும் இடமும் வார் கடிக்கும் இடமும் ஒன்றே. ஆதலின் பாதுகாப்பு வேறு, பராமரிப்பு வேறு என்று பிரித்துப் பேசுவது பொருந்தாது. பக்கத்தடுப்பின் ரப்பர் தேய்ந்தால் பொருள் சிந்தும். சிந்தினால் வாலுருளையில் படியும். படிந்தால் கை அங்கே செல்லும். தேய்ந்த ரப்பரைக் காலத்தில் மாற்றுகிறவர், உண்மையில் ஒருவர் கையைக் காக்கிறார். வாலுருளைக்குச் சற்று முன்னே, கீழ்வாரின் உட்புறத்தை வழித்து ஒதுக்கும் கோணச் சுரண்டி ஒன்றை வைப்பதும், மண் தங்காமல் உதிர்ந்துவிடும் கம்பி இடைவெளி உருளையை வாலில் பொருத்துவதும் இதே நோக்கத்தைக் கொண்டவை.

நிறுத்து, பூட்டு, சோதி

துடைக்கவோ திருத்தவோ வேண்டுமானால் மூன்று செயல்கள் முறையாக நடைபெற வேண்டும்.

முதலாவது, நிறுத்துதல். வாரில் உள்ள பொருள் முழுதும் கொட்டி முடிந்தபின் நிறுத்துவது நல்லது. சாய்ந்து நிற்கும் கடத்தியில் சுமை இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால், அந்தச் சுமையின் எடையே வாரைப் பின்னோக்கி ஓடச் செய்யக்கூடும். அதைத் தடுக்கும் பின்னோட்டத் தடுப்பு சில கடத்திகளில் உண்டு. ஆனால் அதனை மட்டும் நம்பி வாலுருளைக்கு அருகே அமர்தல் ஆகாது.

இரண்டாவது, பூட்டுதல். சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்துவது நிறுத்துதலே ஒழியப் பூட்டுதல் அன்று. அதனை யாரும் விடுவித்து இயக்கிவிடலாம். முதன்மை விசையை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, அந்தச் சாவியை வேலை செய்பவர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். பிளக் மூலம் இயங்கும் சிறு கடத்தியானால், பிளக்கைப் பிடுங்கித் தம் கண்முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினால் இயங்குவதானால், சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஆள் வேலை செய்கிறார். விசையைத் தொடாதே' என்னும் அட்டை, அவ்விடத்தில் உள்ள தொழிலாளர் படிக்கும் மொழிகளில் தொங்க வேண்டும்.

மூன்றாவது, சோதித்தல். பூட்டியபின் இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கடத்தி அசையாவிடில்தான் பூட்டியது சரியான விசை என்பது உறுதியாகும். கடத்திகள் பல வரிசையாக நிற்கும் இடத்தில் வேறொன்றின் விசையைப் பூட்டிவிட்டு, ஓடக்கூடிய கடத்தியில் கைவைப்பது நேரக்கூடிய பிழையே.

வேலை முடிந்தபின் காப்புவலையைத் திரும்பப் பொருத்திய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். வலை இல்லாத கடத்தி, வேலை முடியாத கடத்தி என்று கொள்க.

இடம் மாறுவதால் வரும் இடர்

நிலையான கடத்திக்கு அடித்தளம் உண்டு. நகரும் கடத்திக்கு அன்றன்று கிடைக்கும் தரையே அடித்தளம். மழையில் நனைந்த மண்ணில் ஒரு சக்கரம் புதைந்தால் சட்டம் சாயும். வாரும் ஒருபுறம் விலகும். ஆகவே சமமான, இறுகிய தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பின்னரே உயர்த்த வேண்டும். உயர்த்திய நிலையில் இழுத்துச் செல்வது கூடாது. எடையின் மையம் மேலேறியிருப்பதால் சிறு பள்ளத்திலும் கடத்தி குடை சாயும். உயர்த்திய சட்டத்தின் கீழே எவரும் நிற்கவோ வேலை செய்யவோ கூடாது. கம்பிவடமோ எண்ணெய்க் குழாயோ அறுந்தால் சட்டம் தலைமேல் விழும். பூட்டுமுளையும் தாங்குகாலும் அதற்காகவே உள்ளன.

மேலே நோக்குவதும் வேண்டும். சிங்கப்பூரில் மின்வடங்கள் பெரும்பாலும் நிலத்தடியில் செல்கின்றன. மலேசியாவின் சிற்றூர்களிலும் தோட்டப்புறங்களிலும் அவை தலைக்குமேல் செல்வதைக் காணலாம். உயர்த்திய இரும்புச் சட்டம் அவற்றைத் தொட்டாலும், மிக நெருங்கினாலும், கடத்தியைப் பிடித்திருப்பவர் உயிருக்கே கேடு. எனவே மின்கம்பிக்குக் கீழே கடத்தியை நிறுத்துவதையே தவிர்க்க வேண்டும்.

மின்சாரத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மும்முனை மோட்டாரில் இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஓரிடத்தில் ஒழுங்காக ஓடிய கடத்தி, மற்றோரிடத்து மின்வாயில் இணைக்கப்பட்டதும் தலைகீழாக ஓடுவது இதனால்தான். வார் எதிர்த்திசையில் ஓடினால் கவ்வுவாய்களும் இடம் மாறிவிடும் என்பதை முன்பே கண்ட விதியிலிருந்து உய்த்துணரலாம். நேற்று ஆபத்தற்றதாக இருந்த பக்கம் இன்று ஆபத்தாகும். ஆதலால் இடம் மாற்றியவுடன், சுமை ஏற்றுமுன், வெறும் வாரைச் சிறிது ஓடவிட்டுத் திசையைப் பார்க்க வேண்டும். முனைகளை மாற்றுவது தேர்ச்சிபெற்ற மின்பணியாளரின் வேலை.

மின்வடத்தை நீர் தேங்கிய தரையில் கிடத்தக் கூடாது. லோரி ஏறும் வழியிலும் கூடாது. நிலத்தொடர்பு உறுதியாக இருத்தல் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் விசையும் வேண்டும். டீசல், பெட்ரோல் எஞ்சினால் இயங்கும் கடத்தியை மூடிய கிடங்கினுள் ஓட்டுவது தீது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. ஆளை மயக்கிக் கொல்லும்.

சாய்வும் சுமையும்

கடத்தியை எவ்வளவு சாய்க்கலாம்? வழவழப்பான வாரில் பல பொருள்களுக்கு 18 அல்லது 20 பாகைக்கு மேற்பட்டால் பொருள் பின்னோக்கி உருளத் தொடங்கும். உருண்டைக் கூழாங்கல்லுக்கு இன்னும் குறைந்த சாய்வே பொருந்தும். 9 மீட்டர் நீளக் கடத்தியை 20 பாகை சாய்த்தால் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் கிட்டும். அதற்குமேல் உயரம் வேண்டுமானால் நீண்ட கடத்தியையோ, குறுக்கு வரம்புகள் உள்ள வாரையோ நாட வேண்டுமே தவிர, இருப்பதை மேலும் நிமிர்த்தக் கூடாது. பின்னோக்கி உருளும் கல் முதலில் தாக்குவது பெய்தொட்டியருகே நிற்பவரைத்தான்.

சுமையை வாரின் நடுவில், ஒரே சீராக, ஓட்டத்தின் திசையிலேயே இட வேண்டும். வெறுமையாகத் தொடங்கி வெறுமையாக நிறுத்துவது நல்வழக்கம். ஒரு கடத்தி மற்றொன்றின்மேல் கொட்டுமாறு பல இருந்தால், கடைசியாகப் பொருளைப் பெறுவதை முதலில் இயக்க வேண்டும்; நிறுத்தும்போது முதலில் பொருளை ஏற்பதை முதலில் நிறுத்த வேண்டும். இம்முறை தவறினால் இடையில் பொருள் குவியும். குவிந்ததை அகற்ற மீண்டும் கை உள்ளே செல்லும்.

வாரை நேராக்கல்

வார் ஒருபுறம் விலகுவது அன்றாடத் தொல்லை. அதற்கு ஒரு பொது விதி உண்டு: உருளையின் எந்த முனையை வார் முதலில் தொடுகிறதோ, அந்த முனையை நோக்கியே வார் நகரும். இதனை நினைவிற்கொண்டால், எந்தத் தாங்குருளையை எந்தப் பக்கம் சிறிது தள்ள வேண்டும் என்பது விளங்கும்.

ஆனால் உருளையைத் தொடுமுன் காரணத்தைத் தேட வேண்டும். சட்டம் சமமாக நிற்கிறதா? உருளைகளில் மண் படிந்திருக்கிறதா? சுமை ஓரத்தில் விழுகிறதா? எங்கேயாவது ஓர் உருளை சுழலாமல் நிற்கிறதா? வாரின் இணைப்பு கோணலாக உள்ளதா? கடத்தியின் ஒரே இடத்தில் வார் விலகினால் குற்றம் அங்குள்ள உருளைகளில். வாரின் ஒரு பகுதி மட்டும், எங்கு சென்றாலும் விலகினால், குற்றம் வாரிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. மருத்துவன் நோயின் காரணத்தை நாடுவது போன்றது இது. திருத்தம் சிறிதாக இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தியபின், வார் பல சுற்று ஓடி அமைதிபெறும்வரை பார்த்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். விலகும் வாரைக் கட்டையாலோ காலாலோ தள்ளுவது ஒருபோதும் கூடாது.

வழுக்கலும் தீயும்

தலையுருளை சுழன்றும் வார் நகரவில்லை என்றால் அது வழுக்கல். வாரை இழுப்பது உராய்வே. உருளையைத் தழுவும் வாரின் இழுவிசைக்குரிய கணக்கை 18-ஆம் நூற்றாண்டுக் கணிதப் பேரறிஞர் ஆய்லர் வகுத்தார். அதன்படி, வார் உருளையைப் பாதிச்சுற்றுத் தழுவும்போது உராய்வெண் 0.35 எனின், இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல் 3 மடங்குவரை உயரலாம். மழையில் நனைந்து உராய்வெண் 0.2 ஆகிவிட்டால், அது 1.9 மடங்கிற்குள் அடங்கிவிடும். சுமையை நகர்த்தும் விசை இவ்விரு பக்கங்களின் வேறுபாடே ஆதலால், அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வெயிலில் இழுத்த சுமையை மழையில் இழுக்கவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அப்பொழுது மணலையோ பிசினையோ ஓடும் உருளைக்குள் வீசும் பழக்கம் மிகத் தீயது. வீசும் கையும் கவ்வுவாயை நெருங்குகிறது. இழுப்புத் திருகை அளவுக்கு மீறி இறுக்குவதும் தீர்வன்று. பேரிங்கும் வாரின் இணைப்பும் விரைவில் கெடும். சுமையைக் குறைத்தல், உருளையைத் துடைத்து உலர்த்தல், தேய்ந்த ரப்பர் உறையை மாற்றல், திருகை இருபுறமும் சமமாகத் தேவையான அளவு இறுக்கல் ஆகியவையே முறை. இவை யாவும் நிறுத்திப் பூட்டிய பின்னரே.

வழுக்கலும் சிக்கலும் வெப்பத்தை உண்டாக்கும், வெப்பம் தீயாகும். 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், இங்கிலாந்தின் டெர்பிசயரில் உள்ள கிரெசுவெல் நிலக்கரிச் சுரங்கத்தில் வார் ஒன்று கிழிந்தது. கிழிந்த பகுதி, பொருள் மாறிக் கொட்டுமிடத்தில் அடைத்துக்கொண்டது. வார் மேலும் ஓடியதால் உராய்வு வெப்பத்தில் ரப்பர் தீப்பற்றிற்று. அதன் புகை சுரங்கம் எங்கும் பரவி 80 பேர் உயிரிழந்தனர். தீப்பற்றாத வார்களைச் சுரங்கங்களில் கொண்டுவருவதற்கு அவ்விபத்து ஒரு முதற்காரணமாயிற்று. நமது கடத்தி சுரங்கத்தில் இல்லை. எனினும் கிழிசலைக் கண்டும் 'இன்னும் ஒரு நாள் ஓடட்டும்' என்பது எவ்வளவு பெரிய கடன் என்பதை அந்த 80 உயிர்கள் நமக்கு உணர்த்துகின்றன.

நாளும் வாரமும்

நாள்தோறும் வேலை தொடங்குமுன் கடத்தியை ஒருமுறை சுற்றிவரப் பத்து நிமிடம் போதும். காப்புவலைகள் இடத்தில் உள்ளனவா, அவசரப் பொத்தான் அழுத்தியதும் நிறுத்துகிறதா, வாரின் விளிம்பும் இணைப்பும் நலமா, மின்வடத்தில் வெட்டு உண்டா, சக்கரங்களுக்கு முட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர் வெறும் வாரை ஓடவிட்டுச் செவியையும் பயன்படுத்த வேண்டும். கீச்சிடும் உருளை, பேரிங் கெட்டுவருவதை முன்கூட்டியே சொல்கிறது. சுழலாமல் நிற்கும் உருளையை வார் தேய்த்துத் தேய்த்துக் கத்திபோல் கூராக்கிவிடும். பின்னர் அதுவே வாரை அறுக்கும்.

வாரந்தோறும் சுரண்டியின் தேய்வு, இழுப்புத் திருகுகளின் சமநிலை, சங்கிலியின் தளர்ச்சி, கியர் பெட்டியின் எண்ணெய், கம்பிவடத்தின் இழைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிரீஸ் இடும் முனைகளைச் சிறு குழாய் மூலம் காப்புவலைக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் வலையைக் கழற்றும் தேவையே எழாது. கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை வருகின்றவருக்கு அது வழிகாட்டும்.

உடையிலும் கவனம் வேண்டும். தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கயிறு, அவிழ்ந்த கூந்தல் யாவும் உருளைக்கு இரையாகும். கையுறை கல்லிலிருந்து கையைக் காக்கும். சுழலும் உருளைக்கு அருகிலோ அதுவே கையை உள்ளே இழுக்கும். வாரின்மேல் ஏறிச் செல்வதும், தாண்டுவதும், ஓடும் வாரின் அடியில் நுழைவதும் கூடா.

நேர்ந்துவிட்டால்

எவரேனும் சிக்கிக்கொண்டால் முதலில் அவசரப் பொத்தானை அழுத்தி, முதன்மை மின்விசையையும் அணைக்க வேண்டும். பதற்றத்தில் மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டி விடுவிக்க முயல்வது காயத்தைப் பெருக்கிவிடக்கூடும். இறுகிய வாரை வெட்டுவதும் ஆராயாமல் செய்யத்தக்கது அன்று. உதவிக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்களை அழைக்க வேண்டும். இவ்வெண் கடத்தியின்மேலேயே எழுதப்பட்டிருத்தல் நன்று.

சட்டமும் இவ்வகையில் பேசுகின்றது. சிங்கப்பூரின் 2006-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலை தருவோர்மீது மட்டுமன்றி, இயந்திரம் செய்வோர், அளிப்போர், வேலை செய்வோர் ஆகியோர்மீதும் கடமைகளைச் சுமத்துகின்றது. மலேசியாவில் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பெற்று, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 சூன் 1 முதல் விரிவாக நடைமுறைக்கு வந்துள்ளது. உடனடி ஆபத்து உள்ளதென்று நம்புதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது, அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கு அத்திருத்தம் தந்துள்ளது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதனை உடையவர் அறிந்திருக்கவும் வேண்டும்.

பலகையின் தமிழ்

தமிழாசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று வினவலாம். வேலை உண்டு. எச்சரிக்கைப் பலகை ஒரு மொழிப் படைப்பு. 'இயந்திரத்தின் அருகாமையில் பணிபுரிவோர் தகுந்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றொரு பலகையை எண்ணிப் பாருங்கள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் யார், எதை, எப்பொழுது செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. படித்து முடிப்பதற்குள் வார் பல மீட்டர் ஓடிவிடும்.

'ஓடும்போது துடைக்காதே. நிறுத்து. பூட்டு. சோதி. பிறகு துடை.' இது போதும். ஏவல் வினைமுற்றின் ஆற்றலை இதைவிட நன்றாக எடுத்துக்காட்டும் இடம் வேறேது? மரியாதைப் பன்மை வேண்டுமென்பார் 'துடைக்காதீர்கள்' என்று எழுதட்டும். தெளிவு மட்டும் குறையாதிருக்கட்டும். வகுப்பில் மாணவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை எழுதும் பயிற்சி தரலாம். தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்துள்ள இளைஞர்களுக்கு மாலையில் மொழிவகுப்பு நடத்துவோர், பாடநூலோடு இயந்திரத்தின் அறிவுரை ஏட்டையும் ஒருமுறை சேர்த்துப் படித்துக் காட்டலாம். 'வாலுருளை', 'கவ்வுவாய்' என்னும் சொற்களைத் தொழிலாளர் ஏற்றுக்கொள்வார்களோ, 'பெல்ட்டு வாய்' என்றே சொல்வார்களோ, அஃது அவர்கள் விருப்பம். எந்தச் சொல்லானாலும், அதனைக் கேட்டவுடன் கை பின்வாங்கினால் அதுவே நற்சொல்.

தோளின் சுமையை இறக்கிவைப்பதற்காகவே மனிதன் இக்கடத்தியைப் படைத்தான். அதற்கு விலையாகக் கையைக் கொடுக்க வேண்டியதில்லை. சிந்தாமல் காத்தால் துடைக்கும் தேவை குறையும். துடைக்க நேர்ந்தால் சாவி துடைப்பவர் பையில் இருக்கட்டும்.